உடையும் எஞ்சினும் உரத்த சிரிப்பும்

கலை, இலக்கியம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றையே எண்ணிக்கொள்வது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். ஆயின், ஒரு காலத்து மக்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள், எதைக் கண்டு அஞ்சுகிறார்கள், தம் ஓய்வுப் பொழுதை எதனிடம் ஒப்படைக்கிறார்கள் என்பவற்றை ஆராயாத விமர்சனம் அக்காலத்துச் சமூகத்தை அறிந்துகொண்டதாகக் கூற முடியாது. கூத்தையும் சினிமாவையும் இலக்கியமல்லவென்று ஒதுக்கிவைத்த பண்டிதர்கள் எவற்றையெல்லாம் காணத் தவறினர் என்பதை நாம் அறிவோம். இற்றைநாளில் இணையவழி வெளியாகும் காணொளிப் படங்கள் அத்தகையதோர் இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றுள் கார்களைப் பொருளாகக் கொண்ட கேளிக்கைப் படங்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவ்வகை பெரிதும் விரும்பிக் கையாளும் கருப்பொருள், நெடுந்தூரம் ஓடிக் கைமாறிய ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் உடைவு ஆகும். உண்மையில் அவ்வெஞ்சின்கள் ஏன் உடைகின்றன, அவ்வுடைவை இப்படங்கள் எவ்வாறு காட்டுகின்றன என்ற இரு வினாக்களையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகைப் படங்களின் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றேயாம். ஒரு காலத்தில் செல்வந்தர் மாத்திரமே வாங்கக்கூடியதாயிருந்த கார் ஒன்று, பல கைகள் மாறி, 100,000 மைலுக்கு மேல் ஓடி, வியக்கத்தக்க மலிவான விலைக்குச் சந்தைக்கு வருகிறது. கதாநாயகன், அறிந்தோர் தடுத்தும் கேளாது அதனை வாங்குகிறான். அறிவிப்பாளனும் தயாரிப்பாளனும் அவனே. முதல் நாள் ஓட்டத்தில் மகிழ்ச்சி. மறுநாள் எஞ்சினில் ஏதோவொரு சத்தம். அதற்கடுத்த நாள் புகை. கராஜுக்கு இழுத்துச் செல்லப்பட்டு உயர்த்தி நிறுத்தப்பட்ட காரின் அடியில் நின்று மெக்கானிக் குறைகளை ஒவ்வொன்றாக அடுக்க, கதாநாயகன் தலையிற் கைவைத்துக்கொள்கிறான். செலவுக் கணக்கு ஏற ஏறச் சிரிப்பும் ஏறுகிறது. முடிவிற் கார் பிழைக்கிறது. அல்லது நட்டத்துக்கு விற்கப்படுகிறது. அடுத்த வாரம் அடுத்த கார் வருகிறது.

இதன் முன்மாதிரியைப் பிரித்தானியத் தொலைக்காட்சியிற் காணலாம். பீ.பீ.சீ. நிறுவனம் 2002 இல் புத்துருவில் தொடங்கிய 'டொப் கியர்' நிகழ்ச்சியில், அறிவிப்பாளர் மூவரும் குறைந்த பணத்துக்குப் பழைய கார்களை வாங்கிப் போட்டியிடும் அங்கம் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2004 இல் அவர்கள் ஆளுக்கு 1,500 பவுணுக்குள் ஒவ்வொரு போர்ஷே காரை வாங்கி ஓட்டிக் காட்டினர். 2005 இல் யூடியூப் தோன்றியபின், இந்த அங்கம் மாத்திரமே முழுநேரத் தொழிலாயிற்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலிருந்து டைலர் ஹூவர் நடத்தும் 'ஹூவீஸ் கராஜ்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நாட்டிலேயே மிக மலிவான இன்ன காரை வாங்கிவிட்டேன் என்பதே அவர் படங்கள் பலவற்றின் தலைப்பு. 'கார் விஸார்ட்' என்ற பெயரில் தோன்றும் மெக்கானிக் ஒருவர் குறைப்பட்டியலை வாசிக்கும் காட்சியே பல படங்களின் உச்சக் கட்டமாகும்.

தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு நிலைக்களன்களிற் பிறக்குமெனக் கூறுவார். நாம் கருதும் படங்களின் நகை, எள்ளலும் பேதைமையும் கூடுமிடத்திற் பிறப்பது. கதாநாயகன் தன் பேதைமையைத் தானே எள்ளுகிறான். இதில் ஒருவகை நேர்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. கம்பனிகளின் விளம்பரப் படங்களிற் கார்கள் ஒருபோதும் உடைவதில்லை. மழையிற் கழுவப்பட்ட மலைப்பாதையில் அவை என்றும் புதியனவாகவே ஓடுகின்றன. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் எண்ணெய் ஒழுக்கும் துருவும் தேய்வும் உண்டென்பதை இலட்சக்கணக்கானோருக்குக் காட்டியவர்கள் இக்கேளிக்கையாளர்களே. மேட்டுக்குடியின் அந்தஸ்துச் சின்னமொன்றைத் தள்ளுவண்டியாக்கிச் சிரிக்கவைக்கும் ஆற்றல் அவர்களிடம் உண்டு. அந்த அளவில் அவர்களது சிரிப்பை நாமும் வரவேற்கிறோம்.

ஆயின் அச்சிரிப்பு எங்கே நின்றுவிடுகிறது என்பதே நமது வினா. கார் ஏன் உடைந்தது என்று கேட்டால், இப்படங்கள் தரும் விடை இரண்டே. ஒன்று, 'நான் முட்டாள்தனமாக வாங்கினேன்'. மற்றது, 'என் அதிர்ஷ்டம் அப்படி'. முன்னையது உடைவைத் தனிமனிதனின் குணக்குறையாக்குகிறது. பின்னையது அதனை ஊழாக்குகிறது. மனிதர் செய்த பொருளொன்றின் சிதைவுக்கு மனிதர் எடுத்த தீர்மானங்களிற் காரணம் தேடுவதை இரண்டுமே விலக்கிவிடுகின்றன. எஞ்சின் எதுவும் விதியால் உடைவதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிய ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 1996 இல் பொக்ஸ்டர் என்ற காரையும், 1997 இல் 996 எனக் குறிக்கப்படும் புதிய 911 வகையையும் வெளியிட்டது. இவ்விரண்டிலும் எம்96 என்ற எஞ்சின் பொருத்தப்பட்டது. ஆறு சிலிண்டர்கள் மும்மூன்றாக எதிரெதிரே படுத்திருக்க, நீரினாற் குளிர்விக்கப்படும் எஞ்சின் அது. பிஸ்டன்களால் இயங்கும் கிராங்க் ஷாப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் காம் ஷாப்டுகளுக்குச் சங்கிலிகளின் மூலம் கொண்டுசேர்க்க, நடுவே ஓர் இடைத்தண்டு உண்டு. அத்தண்டின் ஒரு முனை, இருபுறமும் மூடி முத்திரையிடப்பட்ட சிறிய போல் பெயாரிங் ஒன்றின்மேற் சுழல்கிறது. எஞ்சினின் ஆயுள் முழுவதும் போதுமென்ற கருத்தில் அதனுள் கிரீஸ் அடைக்கப்பட்டிருந்தது. நாளடைவில் எஞ்சின் எண்ணெய் அம்முத்திரையைக் கடந்து உட்புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஆனாற் புதிய எண்ணெய் தாராளமாய்ச் சென்று வர அங்கே வழியில்லை. குண்டுகள் தேய்கின்றன, உலோகத் துகள்கள் எண்ணெயிற் கலக்கின்றன. ஒருநாள் பெயாரிங் சிதறி, தண்டு நிலைகுலைந்து, வால்வுகளும் பிஸ்டன்களும் தத்தம் ஒழுங்கு தப்பி ஒன்றோடொன்று மோதுகின்றன. கையளவுப் பாகமொன்றின் தேய்வினால் எஞ்சின் முழுவதும் சில கணங்களில் உலோகக் குப்பையாகிவிடுகிறது.

இந்த எஞ்சின் பிறந்த சூழலையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் பெரும் நெருக்கடியில் இருந்தது. விற்பனை சரிந்திருந்தது, கைவேலை மிகுந்த பழைய உற்பத்தி முறை செலவு கூடியதாயிருந்தது. 1993 இல் தலைமையேற்ற வெண்டலின் வீடெகிங், டொயோட்டாவின் உற்பத்தி முறையிற் பயின்ற ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்துத் தொழிற்சாலையை மாற்றியமைத்தார். பொக்ஸ்டரும் 911உம் முன்பகுதி உட்படப் பல பாகங்களைப் பொதுவாகக் கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டன. நிறுவனம் பிழைத்தது. அதே காலத்தில், அதே 996 வரிசையின் விலைகூடிய வகைகளான டர்போவுக்கும் ஜீரி3க்கும் வேறோர் எஞ்சின் கொடுக்கப்பட்டது. பந்தயக் கார்களின் வழிவந்த அந்த எஞ்சின், அதனை வடிவமைத்த பொறியியலாளர் ஹான்ஸ் மெற்ஸ்கரின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. நாம் மேலே கூறிய பெயாரிங் அதில் இல்லை.

சிக்கனத்துக்காகவே அந்தப் பெயாரிங் தெரிவு செய்யப்பட்டதென்று சான்றின்றிக் கூறுதல் முறையாகாது. ஆயினும், எந்தக் காருக்கு எந்த எஞ்சின் என்ற தீர்மானம் விலைப்பட்டியலின் ஒழுங்கோடு ஒத்துச்சென்றது என்பது கண்கூடு. தொடக்கத்தில் இரட்டை வரிசைக் குண்டுகளோடு இருந்த பெயாரிங் பின்னர் ஒற்றை வரிசையாயிற்று. அதன்பின்னர்ப் பெரிதாக்கப்பட்டது. இறுதியில் 2009 ஆம் ஆண்டுக்குரிய மாதிரிகளில் இடைத்தண்டே இல்லாத புதிய எஞ்சின் வந்தது. தவறு எங்கே உள்ளதென்பதைத் தொழிற்சாலை படிப்படியாகத் திருத்தத் தெரிந்திருந்தது. முன்னரே விற்கப்பட்ட கார்களோ, அவற்றை வாங்கியோரின் பொறுப்பில் விடப்பட்டன.

2011 இல் அமெரிக்காவில் இதுபற்றிக் கூட்டு வழக்கொன்று தொடரப்பட்டு, 2013 இல் இணக்கத்தில் முடிந்தது. 2001 மே மாதத்துக்கும் 2005 பெப்ரவரிக்கும் இடையில் உற்பத்தியான கார்கள் அதில் அடங்கின. முதன்முதற் பாவனைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டு அல்லது 130,000 மைல் என்பது எல்லையாக வகுக்கப்பட்டது. இவ்வெல்லையின் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். பத்தாண்டு கடந்த காரை வாங்குபவன் யார்? புதிய காரை வாங்க வசதியற்றவனே. முதல் உரிமையாளனுக்குத் தொழிற்சாலையின் உத்தரவாதம் உண்டு. இரண்டாமவனுக்கு அதன் எச்சம் கிடைக்கலாம். மூன்றாமவனுக்கும் நான்காமவனுக்கும் எஞ்சுவது தேய்ந்த பெயாரிங் மாத்திரமே.

இந்த இறங்குவரிசையைப் பணக்கணக்கிலும் பார்க்கலாம். புதிதாக வந்தபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 40,000 டொலருக்கு விற்கப்பட்ட பொக்ஸ்டர், பிற்காலத்தில் 10,000 டொலருக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கலாயிற்று. காரின் விலை நாலிலொன்றாக வீழ்ந்ததென்பதற்காக, அதன் உதிரிப்பாகத்தின் விலையோ அதனைப் பொருத்துவோரின் கூலியோ நாலிலொன்றாக வீழ்வதில்லை. ஆதலின், எஞ்சினை மாற்றும் செலவு காரின் கொள்விலையையே விஞ்சிவிடுகிறது. மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொற்றொடரில் உள்ள ஏமாற்று இதுவே. விலையுயர்ந்த காரின் பராமரிப்புச் சுமை குறையாமலிருக்க, அதன் கொள்விலை மாத்திரம் குறைகிறது.

பராமரிப்பிலும் இதே நிலைதான். அக்காலத்தில் அமெரிக்காவில் 911 காருக்கு எண்ணெய் மாற்ற வகுக்கப்பட்டிருந்த இடைவெளி 15,000 மைலாகும். பழைய கார்களோடு ஒப்பிடுகையில் இது மிக நீண்டது. புதிய கார் வாங்குவோனுக்கு இது இனிப்பான செய்தி. ஓட்டும் செலவு குறைவெனத் தோன்றும். மூன்று நான்கு ஆண்டுகளிற் காரை மாற்றிவிடும் அவனுக்கு அதனால் வரும் தேய்வு தெரியப்போவதில்லை. அவன் சேமித்த எண்ணெயின் விலையைப் பின்னால் வருபவனே செலுத்துகிறான். ஒரு தலைமுறையின் இலாபம் அடுத்த தலைமுறையின் கடனாவது நாடுகளின் பொருளாதாரத்தில் மாத்திரம் நிகழ்வதன்று.

இனிக் கேளிக்கைப் படத்துக்கு மீள்வோம். இவ்வரலாற்றில் அங்கே எது இடம்பெறுகிறது? பெயாரிங்கின் பெயர் இடம்பெறுகிறது. அதுவும் பேய்க்கதையிற் பேயின் பெயர் இடம்பெறுவதுபோல. 'அது எந்தக் கணமும் உடையலாம்' என்ற அச்சம் ஊட்டப்படுகிறது. மேற்கூறிய வழக்கையொட்டிப் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கின்படி, ஒற்றை வரிசைப் பெயாரிங் கொண்ட எஞ்சின்களில் உடைந்தவை ஏறத்தாழ 8 வீதம். இரட்டை வரிசை கொண்டவற்றில் 1 வீதத்திலும் குறைவு. கார் வாங்குபவனுக்கு 8 வீதம் சிறிய ஆபத்தன்று. ஆனால் நூற்றில் தொண்ணூற்றிரண்டு எஞ்சின்கள் அக்காரணத்தால் உடையாமல் ஓடின என்பதும் அதே கணக்கின் மறுபாதியாகும். உடையாத எஞ்சினிற் கதை இல்லை. கதை இல்லாததிற் பார்வையாளர் இல்லை. எனவே அந்த மறுபாதி திரையில் வருவதில்லை.

இவ்வச்சமே பின்னர் ஒரு சந்தைச் சக்தியாகவும் மாறுகிறது. அச்சம் காரின் விலையைக் கீழே தள்ளுகிறது. விலை வீழ்ந்ததும் அது அடுத்த படத்துக்கு ஏற்ற மலிவுக் காராகிறது. அந்தப் படம் அச்சத்தைப் புதுப்பிக்கிறது. இடையில் மாற்றுப் பெயாரிங் விற்போரும் முற்காப்புத் திருத்தம் செய்வோரும் தொழில் பெறுகின்றனர். அவர்கள் செய்வது பயனற்ற தொழிலென நாம் கூறவில்லை. எவ்வளவு ஆபத்து, எந்த ஆண்டின் காருக்கு, எந்நிலையில் என்ற அளவுணர்ச்சியைத் தருவது அறிவு. அளவின்றி அச்சுறுத்துவதும் அளவின்றிச் சிரிக்கவைப்பதும் கேளிக்கை. மைல்மானியின் எண்ணும் அவ்வாறே கையாளப்படுகிறது. ஒழுங்காக ஓட்டப்பட்டு, காலத்துக்குக் காலம் எண்ணெய் மாற்றப்பட்டு 150,000 மைல் சென்ற எஞ்சின், ஆண்டுக்கணக்கில் மூடிய கொட்டகையில் நின்ற எஞ்சினைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடுமென அனுபவமிக்க மெக்கானிக்குகள் கூறுவர். ஆயினும் திரையில் அந்த எண் ஒரு பெரும் பூதமாகவே காட்டப்படுகிறது.

கதாநாயகனின் நட்டம் எத்தகையது என்பதையும் ஆராய்தல் வேண்டும். யூடியூப் நீண்ட காணொளிகளின் பக்கத்தில் வரும் விளம்பர வருவாயில் 55 வீதத்தைப் படத்தை ஆக்கியவருக்கு அளிக்கிறது. விளம்பரதாரர் நேரடியாகக் கொடுக்கும் பணம் வேறு. எனவே எஞ்சின் உடைவதனால் அவர் இழப்பதாகக் காட்டப்படும் பணம், உண்மையில் உற்பத்திச் செலவாகும். மண்பாண்டத் தொழிலாளிக்குக் களிமண் எவ்வாறோ, அவ்வாறே அவருக்கு உடைவு. உடையாத கார் வாய்த்தால்தான் அவருக்கு நட்டம். இது ஒரு தனிமனிதரின் மோசடி அன்று. அவர் எதையும் மறைக்கவுமில்லை. எனினும் படத்தின் உணர்ச்சி அமைப்பு, 'நானும் உங்களைப்போல் ஏமாந்தவன்' என்ற தோற்றத்தின் மேலேயே எழுப்பப்பட்டிருக்கிறது. அவரைப் பார்த்து அவ்வாறே ஒரு காரை வாங்கும் இளம் தொழிலாளிக்கு எஞ்சின் உடையும்போது, அதனைப் பார்க்க எவரும் பணம் கொடுப்பதில்லை. ஒரே நிகழ்ச்சி ஒருவருக்கு வருமானமாகவும் மற்றவருக்குக் கடனாகவும் அமைகிறது. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு இருவரையும் ஒரே சிரிப்பில் இணைப்பதே இப்படங்களின் கருத்தியல் தொழிலாகும்.

மெக்கானிக்கின் நிலை இன்னுமொன்று. கூத்திற் கட்டியக்காரன் வரவிருப்பதை அறிவித்துச் சபையைச் சிரிக்கவைப்பதுபோல, இங்கே மெக்கானிக் கேட்டினை அறிவிக்கும் பாத்திரமாகிறார். அவர் சொல்வதைக் கேட்கிறோம். அவர் செய்வதைக் காண்பது அரிது. முன்னர்க் கூறிய பெயாரிங்கை மாற்றுவதானால் கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டும். கிளச்சையும் ஃப்ளைவீலையும் அகற்ற வேண்டும். காம் ஷாப்டுகள் அசையாதவாறு பூட்டிவைக்க வேண்டும். அதன்பின்னரே சிறப்புக் கருவிகொண்டு பழையதை வெளியே இழுக்க முடியும். ஓர் அளவு பிசகினால் வால்வுகளின் நேரவொழுங்கு முழுதும் தவறிவிடும். கையும் கண்ணும் மூளையும் ஒன்றுபட வேண்டிய அந்த நீண்ட வேலை, படத்தில் விரைவாக ஓட்டப்பட்டு, இசை பின்னணியில் ஒலிக்க, அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வாங்கியவனின் முகபாவத்துக்குப் பத்து நிமிடம். திருத்தியவனின் உழைப்புக்கு அரை நிமிடம். உழைப்பைக் கண்ணுக்குப் புலனாகாதவாறு மறைப்பது பண்ட உற்பத்திச் சமுதாயத்தின் பொதுப்பண்பெனக் கூறுவர். உழைப்பையே பொருளாகக் கொள்ளவேண்டிய ஒரு கலைவடிவம்கூட அப்பண்புக்கு விலக்காகவில்லை.

'இவை வெறும் பொழுதுபோக்கு. களைத்து வந்தவன் சற்றுச் சிரித்துவிட்டுப் போகட்டுமே. இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?' என்று சிலர் வினவக்கூடும். களைத்தவனுக்குச் சிரிப்பு வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், காரணத்தைக் காட்டுவதனாற் சிரிப்புக் குறைந்துவிடும் என்ற எண்ணமே தவறானது. உலகின் சிறந்த நகைச்சுவை நாடகங்கள் யாவும் கருமியையும் போலிப் பக்தனையும் உருவாக்கிய சமூகத்தைக் காட்டியே சிரிக்கவைத்தன. பேதையைப் பார்த்துச் சிரிப்பது எளிது. பேதையை உண்டாக்கிய விளம்பரத்தையும் கடன் கொடுத்தோனையும் உத்தரவாதத்தின் சிறிய எழுத்துக்களையும் பார்த்துச் சிரிப்பதற்கே துணிவும் திறமையும் வேண்டும். 'நான் செய்வதை நீங்கள் செய்யாதீர்கள்' என்று கதாநாயகன் எச்சரிக்கிறானே என்பர் வேறு சிலர். எச்சரிக்கையை வாயாலும் ஆசையைக் காட்சியாலும் வழங்கினால், பார்ப்பவன் மனத்தில் நிலைப்பது காட்சியே.

இவ்வகைக்கு மாறான இன்னொரு போக்கும் அதே இணையத்தில் உருவாகியுள்ளமை நம்பிக்கை தருவது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து வெளிவரும் 'ஐ டூ கார்ஸ்' படங்களை இங்கு குறிப்பிடலாம். அதனை நடத்துபவர் பாவித்த உதிரிப்பாகங்களை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர். உடைந்த எஞ்சின் ஒன்றை மேசைமுன் நிறுத்தி, வெளி உறையிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஆணியாகக் கழற்றி, இறுதியிற் கிராங்க் ஷாப்ட் வரை பிரித்துக்காட்டுவதே படம். அங்கே கதாநாயகன் இல்லை. எண்ணெய்த் தட்டில் மின்னும் துகள், செம்பு நிறம் தெரியும்வரை தேய்ந்த பெயாரிங் ஓடு, சிலிண்டர்ச் சுவரின் கீறல், கரியேறிய எண்ணெய்க் கசடு ஆகியவையே பாத்திரங்கள். எது முதலில் உடைந்தது, எது அதன் விளைவாக உடைந்தது என்ற தர்க்கமே கதைப்பின்னல். துப்பறியும் நாவலின் சுவையும் மருத்துவக் கூடத்தின் நிதானமும் அங்கே ஒன்றுசேர்கின்றன. அங்கும் சிரிப்பு உண்டு. ஆனால் அது பொருளை அறிந்தவனின் சிரிப்பு.

இப்போக்கின் பயனை மற்றோர் எஞ்சினைக் கொண்டும் விளக்கலாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007 முதல் 2013 வரை உற்பத்தி செய்த எம்3 காரில், நிமிடத்துக்கு 8,400 சுற்றுவரை செல்லும் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இருந்தது. பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாப்டைப் பற்றும் இடத்திலுள்ள பெயாரிங் ஓடுகள் காலத்துக்கு முந்தித் தேய்வது அதன் குறை. அந்த ஓட்டுக்கும் ஷாப்டுக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி போதாதென்பர் ஒருசாரார். குளிர்ந்த எஞ்சினைத் தடித்த எண்ணெயோடு விரட்டுவதே காரணமென்பர் மற்றொருசாரார். தேய்வு வெளியே தெரிவதில்லை. எண்ணெய்த் தட்டைக் கழற்றி ஓடுகளை வெளியே எடுத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. அவ்வாறு எடுத்த ஓடுகளை மைல்கணக்கோடும் பராமரிப்பு வரலாற்றோடும் அடுக்கிக் காட்டும் படம் ஒரு பொது அறிவை உருவாக்குகிறது. தனித்தனியே ஏமாற்றப்பட்டவர்கள் தம் அனுபவத்தை ஒப்பிட்டு, 'இது என் தலைவிதியன்று. இந்த எஞ்சினின் இயல்பு' என்று உணர்வதற்கு அது வழிவகுக்கிறது. துன்பம் தனிமனிதனுடையதன்று என்று அறிவதே எந்தக் கூட்டுக் கோரிக்கைக்கும் முதற்படியாகும். நீதிமன்றத்திற் கூட்டு வழக்கு என்பது அவ்வறிவின் சட்ட வடிவமே.

எனினும் இப்பிரிப்புப் படங்களையும் நாம் முழுமையான யதார்த்தக் கலையென்று கொள்வதற்கில்லை. இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கியத்தில் நாம் பலமுறை விவாதித்திருக்கிறோம். உள்ளதை உள்ளவாறு நுணுக்கமாகக் காட்டுவது முன்னையது. உள்ளது அவ்வாறு ஆனதற்கான சமூக உறவுகளையும் இணைத்துக் காட்டுவது பின்னையது. பிரிப்புப் படம் தேய்ந்த ஓட்டைக் காட்டுகிறது. அதன் அளவைத் தீர்மானித்த வரைபட அறையையும், எண்ணெய் மாற்றும் இடைவெளியை நீட்டிய விற்பனைப் பகுதியையும், பத்தாண்டு என்ற எல்லையை வகுத்த உடன்படிக்கையையும் அது காட்டுவதில்லை. உலோகத்திலிருந்து உறவுகளுக்குச் செல்லும் அந்த ஓரடியை எடுத்துவைப்பவரே இத்துறையின் உண்மையான கலைஞராவார்.

நம் நாட்டு ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதனால் யாது பயன் என்ற வினா எழலாம். இப்படங்களைக் காண்போர் கன்சாஸிலும் லண்டனிலும் மாத்திரம் இல்லை. நம் வகுப்பறைகளின் பின்வரிசை மாணவரும் அவற்றைக் கைபேசியிற் காண்கின்றனர். போர்ஷே காரை நேரிற் காணாத மாணவனும் அதன் பெயாரிங்கைப் பற்றிப் பேசுகிறான். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளும் பழைய வாகனத்தை ஓடவைத்தது நம் கராஜ்களின் கைத்திறனே. இங்கே எஞ்சின் உடைவது நகைச்சுவை அன்று. முச்சக்கர வண்டிக்காரனின் அன்றைய உணவும் பாடசாலை வான் ஓட்டுபவரின் தவணைப் பணமும் அதிலே தங்கியுள்ளன. அத்தகைய வீட்டிலிருந்து வரும் மாணவன், உடைவைக் கண்டு சிரிக்கப் பழகுகிறான். அவன் சிரிப்பதைத் தடுப்பது நமது வேலையன்று, தடுத்தாலும் நில்லாது.

நாம் செய்யத்தக்கது வேறு. அவன் கண்ட படத்தையே வகுப்பிற் பேசுபொருளாக்கலாம். இந்த எஞ்சின் ஏன் உடைந்தது? உடையக்கூடியதென்று எவர் எப்போது அறிந்தார்? அறிந்தபின் எவருக்காகத் திருத்தினார், எவருக்காகத் திருத்தவில்லை? இதனால் இழந்தவர் யார், பெற்றவர் யார்? இவ்வினாக்களை ஒரு பெயாரிங்கை வைத்துக் கேட்கப் பழகியவன், இடிந்த பாலத்தையும் ஒழுகும் பாடசாலைக் கூரையையும் மூடப்பட்ட தொழிற்சாலையையும் பார்த்து அதே வினாக்களைக் கேட்பான். அவ்வாறு கேட்கும் தலைமுறைக்கு ஏற்ற படங்களும் எழுத்துக்களும் தமிழிலும் தோன்றுதல் வேண்டும். கராஜ்களிற் பணிபுரியும் நம் இளைஞர்களிடம் அதற்கு வேண்டிய அறிவும் நகைச்சுவையும் நிறைய உண்டு. அவர்களது கைகளையும் சொற்களையும் படம்பிடிக்க முன்வருவோர் எவராயினும், அரை நிமிடத்தில் அவ்வுழைப்பை ஓட்டிவிடாது, அதன் முழு நேரத்தையும் காட்டுவார்களாக என்பதே நமது வேண்டுகோளாகும்.